70 மாடல் டஸ்டர்: பின்பக்கத்தை ஒன்றரை அங்குலம் தூக்கியது

டெட்ராய்ட் பக்கம் குளிர்காலம் முடிந்து பனி இளகினால் சாலைகளில் குழிகள் முளைத்துவிடும். தாருக்கு அடியில் இறங்கிய தண்ணீர் உறைந்து உப்பி, பிறகு இளகும்போது மேல்தளம் உள்வாங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட பள்ளத்தில் என் 1970 பிளிமத் டஸ்டர் 340 இறங்கி ஏறும்போதெல்லாம் இடப்பக்கப் பின்சக்கரம் மட்கார்டின் உள்விளிம்பில் உரசியது. டயரின் தோளில் ஒரே சீராகக் கோடு விழுந்திருந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் உரசல் இன்னும் கூடும். வண்டியைப் பின்னால் தூக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு, எப்படி என்பதுதான் யோசிக்க வேண்டியதாக இருந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். கிரைஸ்லரின் பிளிமத் பிராண்டில் இருந்த சின்ன உடல் கார் வேலியன்ட்டின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியைப் புதிதாக வரைந்து 1970-இல் டஸ்டரைக் கொண்டுவந்தார்கள். அதில் 340 கன அங்குல வி8 (5.6 லிட்டர், அன்றைய கணக்கில் 275 குதிரைத்திறன்) வைத்தது டஸ்டர் 340. என்னுடையது டெட்ராய்ட் நகரத்துக்குள்ளேயே தனி ஊராக இருக்கும் ஹாம்ட்ராமிக்கில் பிறந்தது. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டை ஸ்பிரிங், பின்சக்கரங்களுக்கு நடுவில் மோப்பார் ஆட்கள் (கிரைஸ்லர் வண்டிப் பிரியர்கள்) பெருமையாகச் சொல்லும் 8¾ ஆக்சில் (உள்ளே இருக்கும் கிரவுன் வீலின் விட்டம் 8¾ அங்குலம்). ஐம்பது வருடம் தாண்டிய பட்டைகள் தளர்ந்துபோவது இயற்கை. வருத்தம் என்னவென்றால், இந்த வண்டிகளைத் தூக்குகிறேன் என்று பலர் செய்கிற காரியங்கள் வண்டியின் நல்ல குணங்களையே கெடுத்துவிடுகின்றன.

முதலில் அளவு. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, தளத்தின் சாய்வு எல்லாம் கணக்கில் நுழைந்துவிடும். அதனால் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். டேங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் இடத்தில் என் எடைக்கு மணல் மூட்டை. இடப்பக்கம் 11¼ அங்குலம், வலப்பக்கம் 12. என்னுடைய 235/60ஆர்15 டயரின் ஆரம் ஏறத்தாழ 13 அங்குலம். அப்படியென்றால் டயரின் தலை ஏற்கெனவே மட்கார்டுக்குள் புகுந்துதான் நிற்கிறது. ஆக்சிலுக்கும் மேலே உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையில் இடப்பக்கம் இரண்டு அங்குலம்கூட இல்லை.

இடப்பக்கம் சாய்வதற்குப் பட்டைதான் காரணமா, முன் டார்ஷன் பாரா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கிரவுன் வீட்டின் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரக் கூடு) நடுவில் மட்டும் ஜாக்கி வைத்து இரண்டு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து சற்றே தூக்க வேண்டும். ஒற்றைப் புள்ளியில் நிற்கும்போது பின்பட்டைகளால் உடலைச் சாய்க்க முடியாது. அப்போதும் சாய்வு இருந்தால் கோளாறு முன்னால். நிமிர்ந்துவிட்டால் பின்னால். என் வண்டி நிமிர்ந்துவிட்டது. இந்தச் சோதனையின்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, எட்ட நின்று பார்த்தால் போதும்.

குறிக்கோளை இரண்டு பக்கமும் 13¼ என்று வைத்தேன். சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயரும். டயர் மட்கார்டை விட்டு வெளியே வரும், அமுங்க இடம் கிடைக்கும். அதற்கு மேல் தெருவில் ஓட்டும் வண்டிக்குத் தேவையில்லை. எழுபதுகளில் பள்ளிக்கூட மைதானத்துக்கு வெளியே பின்பக்கத்தை ஆகாயத்தில் நிறுத்தி வைத்திருந்த வண்டிகளின் படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் காலத்து ஆசை அது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த உயரத்தில் வளைவில் திரும்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

என்னோடு வேலை பார்க்கும் நாமக்கல்காரத் தம்பி ஒருவர் கூட மாட ஒத்தாசைக்கு வந்தார். லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர், பட்டை என்றால் கண் மலரும். அடியில் எட்டிப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: “ஏனுங்ணா, ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் நீளமாப் போட்டா வேலை முடிஞ்சுதுங்களே?”

நியாயமான கேள்வி. பட்டையின் பின்முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் துண்டுதான் ஷேக்கிள், அதை நீட்டினால் வண்டி எழும்பும். கடையில் கிடைப்பதிலேயே மலிவான வழியும் அதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. இந்த வண்டியில் ஆக்சில் பட்டையின் நடுவில் உட்காரவில்லை. முன்கண்ணிலிருந்து (பட்டையின் சுருண்ட முன்முனை) சென்டர் போல்ட் (பட்டைகளைக் கோத்து ஆக்சிலுக்கு நேராக நிற்கும் போல்ட்) வரை சுமார் 20 அங்குலம், அங்கிருந்து பின்கண் வரை சுமார் 35. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் பின்கண் இரண்டு அங்குலம் இறங்கும். ஆக்சில் இருக்கும் இடத்தில் கிடைப்பதோ 55-இல் 20 பங்குதான், முக்கால் அங்குலம்கூட முழுதாக வராது. அதே நேரம் பட்டை முழுவதும் இரண்டு டிகிரி பின்னோக்கிச் சரிந்து, ஆக்சிலைச் சுழற்றி, பினியனின் மூக்கை (கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு ஆக்சிலில் சேரும் முனை) இரண்டு டிகிரி மேலே தூக்கிவிடும். போதாததற்கு நீளமான ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும், வளைவில் ஆக்சில் இடம் வலமாக நகரும். தம்பியிடம் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப பட்டையிலதானுங்ணா கை வைக்கோணும்” என்றார்.

அடுத்தது ஏர் ஷாக், அதாவது காற்று அடைக்கும் ஷாக் அப்சார்பர். காற்று அடித்தால் வண்டி எழும்பும், பார்க்க அழகு. ஆனால் இந்த வண்டியில் பின் ஷாக்கின் மேல்முனை தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. அந்தச் சட்டம் ஷாக்கின் தள்ளலைத் தாங்கச் செய்தது, வண்டியின் எடையைச் சுமக்கச் செய்ததல்ல. உயரத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் எடை அந்த வழியாகத்தான் இறங்கும். பழைய வண்டிகளில் அந்தச் சட்டத்தின் ஓட்டையைச் சுற்றி விரிசலும் வெல்டிங் தழும்பும் இருந்தால், ஒரு காலத்தில் ஏர் ஷாக் போட்ட வண்டி என்று அனேகமாகச் சொல்லிவிடலாம். என் வண்டியில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய பட்டைக்கட்டில் ஒரு பட்டை சேர்ப்பதையும் யோசித்தேன். இங்கேதான் உயரத்துக்கும் விறைப்புக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டும். வண்டியைத் தராசில் ஏற்றினேன். பின்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 1,450 பவுண்டு அளவில் நின்றது. ஆக்சில், சக்கரங்களின் எடையைக் கழித்தால் ஒவ்வொரு பட்டைக்கட்டும் சுமார் 550 பவுண்டு சுமக்கிறது. கட்டின் விறைப்பு அங்குலத்துக்கு 130 பவுண்டு என்றால் அது 4.2 அங்குலம் அமுங்கி நிற்கும். வளைவைத் தொடாமல் விறைப்பை மட்டும் கூட்டி ஒன்றரை அங்குலம் உயர்த்த வேண்டுமானால் அமுக்கம் 2.7-ஆகக் குறைய வேண்டும், அதாவது விறைப்பு 200-ஐத் தொட வேண்டும். ஒன்றரை மடங்கு. அந்த வண்டியில் போய்ப் பால்பாக்கெட் வாங்கி வந்தாலே முதுகு சொல்லும். உயரம் வளைவிலிருந்து வர வேண்டும், விறைப்பு பழையபடியே இருக்க வேண்டும். நான் இதில் உறுதியாக இருந்தேன்.

பழைய பட்டைகளையே அடித்து வளைவு ஏற்றலாமா என்று பார்க்க ஒரு பட்டைக்கட்டைப் பிரித்தோம். மெயின் பட்டையின் அடிப்பக்கத்தில், இரண்டாம் பட்டையின் நுனி உரசிய இடத்தில், குறுக்காக ஒரு பள்ளம். துரு தூசியைக் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு நகத்தால் கீறினால் நகம் மாட்டிக்கொண்டு நின்றது. பட்டை ஒடிவது இப்படிப்பட்ட கீறலில்தான் தொடங்கும். அதை அடித்து வளைத்தால் அந்தக் கோட்டிலேயே இழுவிசை குவியும். தம்பியும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்: “லாரின்னாலும் இதைத் திருப்பிப் போட மாட்டாங்க.”

ஆகவே புதுக்கட்டு. பட்டை செய்து தரும் கடையில் சொன்னது நான்கு விஷயம்: பழையபடி ஆறு பட்டை, அதே விறைப்பு, சுமையில்லாத வளைவு ஒன்றரை அங்குலம் கூடுதல், முன்பாதியில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் இறுக்கமாக, பின்பாதியில் பட்டைகள் வழுக்க இடம் விட்டு. கடைசி விஷயம் கிரைஸ்லரின் பழைய சூட்சுமத்தை ஒட்டியது. ஆக்சிலை முன்னோக்கி வைத்து முன்பாதியைக் குட்டையாக்கியதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்வதை அந்தக் குட்டைப்பகுதியே தடுத்துவிடும். தனியாக டிராக்ஷன் பார் (அந்த முறுக்கைத் தடுக்கும் கம்பி) மாட்ட வேண்டியதில்லை. அந்தக் குணத்தைப் பறிகொடுத்துவிட்டு உயரத்தை மட்டும் வாங்கினால் என்ன பிரயோஜனம்?

பட்டை வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மிச்சிகனில் சாலைக்கு உப்பு போடுவார்கள். இந்த வண்டிகளில் பட்டையின் முன்கண்ணைப் பிடிக்கும் முன்ஹேங்கர் மாட்டும் இடமும் பின்ஷேக்கிளுக்கு மேலே உள்ள சட்டமும் உள்ளிருந்து அரித்துப்போவது வழக்கம். சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டேன். கணீரென்று வந்தால் இரும்பு இருக்கிறது, மந்தமாக வந்தால் நோண்டிப் பார்க்க வேண்டும். எல்லா இடமும் கணீர். ஒருவேளை இல்லையென்றால் இந்த வேலையை அங்கேயே நிறுத்தி வெல்டிங்குக்குப் போயிருக்க வேண்டும். துருப்பிடித்த சட்டத்தில் புதுப்பட்டை மாட்டுவது ஆபத்து.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, முன்ஹேங்கருக்குச் சற்று முன்னால் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகள், கிரவுன் வீட்டுக்கு அடியில் ஜாக்கி. நட்டுகளில் துருநீக்கி எண்ணெயை முன்கூட்டியே அடித்து ஊறவிட்டிருந்ததால் முன்ஹேங்கரின் நான்கும் அடம்பிடிக்காமல் வந்தன. ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கப் பார்க்கும். அப்போது உடலிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஒற்றை பிரேக் ஹோஸ்தான் எடையை ஏந்தும். ஜாக்கியை மெல்ல இறக்கும்போது ஒருவர் அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வேலையில் அது தம்பியின் பொறுப்பு. புது உயரத்தில் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் வில்லாக விறைத்து நின்றதால் சற்று நீளமான ஹோஸ் மாற்றினேன். ஹேண்ட்பிரேக் கேபிளுக்குத் தளர்வு இருந்தது.

மாட்டும்போது மூன்று இடத்தில் அவசரப்படக் கூடாது. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் ஓட்டைக்குள் முழுதாக உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தால் ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும். ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யு போல்ட்டுகள் புதியவை வேண்டும், ஒருமுறை நீட்டி இறுக்கியவை மறுபடி அதே பிடியைத் தராது. பட்டைக் கண்களில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி சக்கரத்தில் நின்று எடை முழுவதும் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு வண்டி இறங்கும்போது முறுக்கிக்கொண்டு பொய்யான உயரம் காட்டும், சீக்கிரம் கிழிந்தும் போகும். டார்க் அளவுகள் எல்லாம் கிரைஸ்லரின் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி.

ஷாக்கும் மாற வேண்டியிருந்தது. பழைய ஷாக்கின் முழு நீளம் ஆக்சில் தொங்கும் தூரத்தை விடக் குறைவு. அப்படியே விட்டால் குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஷாக்கே கயிறாக மாறி ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும். நின்ற நிலையில் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து, மேலே போகவும் கீழே இறங்கவும் இடம் மிஞ்சுகிற நீளத்தில் சாதாரண ஷாக் வாங்கினேன்.

புதுப்பட்டை முதலில் இன்னும் உயரமாகத்தான் நிற்கும். அன்றைக்கே டேப் பிடித்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மேடு பள்ளம் பார்த்து ஓட்டிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பிறகு அளந்தேன். இடம் 13⅜, வலம் 13¼. மனசு நிறைந்தது.

இனி கோணங்கள். பெரும்பாலோர் இங்கே வேலையை முடித்துவிடுகிறார்கள், பிறகு நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் ஸ்டீயரிங்கும் தரையும் அதிர்கிறது என்று டயரை பேலன்ஸ் செய்யப் போகிறார்கள். டஸ்டரின் சக்கர இடைவெளி 108 அங்குலம். பின்னால் ஒன்றரை அங்குலம் ஏறினால் உடல் முழுவதும் 0.8 டிகிரி முன்னோக்கிக் குனியும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாம் அதோடு சேர்ந்து குனியும். கியர்பாக்ஸின் வால் முன்பு பின்னோக்கி 3 டிகிரி இறங்கியிருந்தது, இப்போது 2.2. பினியனின் மூக்கு 2.5 டிகிரி மேல்நோக்கி இருந்தது. வண்டி நிற்கும்போது இரண்டு கோணமும் கிட்டத்தட்ட இணை, பார்க்கச் சரிபோலத் தெரியும். ஆனால் மிதிக்கும்போது பட்டை முறுக்கி மூக்கு இன்னும் மேலே போகும், அப்போது இணை கெட்டு, தண்டின் முனையில் மடங்கிச் சுழலும் யுனிவர்சல் ஜாயிண்ட் துடிக்கும். எனவே நிற்கும்போது மூக்கு இணையை விட இரண்டு டிகிரி அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவில் 2 டிகிரி ஆப்பு வைத்தேன். இந்த வண்டியில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காருவதால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி வர வேண்டும். எஃகு ஆப்பு வாங்குங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கும், நசுங்கினால் யு போல்ட் தளரும்.

கிரவுன் வீட்டின் மூக்கின் மேலே ஒரு ரப்பர் முட்டு உண்டு, பட்டை அதிகம் முறுக்கினால் தரைத்தகட்டில் முட்டி நிறுத்துவதற்கு. உயரம் கூடியதும் அதன் இடைவெளியும் கூடியது. டிராக் பந்தயத்துக்குப் போகிறவர்கள் உயரமான முட்டு வைத்து இடைவெளியைக் குறைப்பார்கள். தெருவில் அப்படி வைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் காலடியில் தொம்மென்று இடிக்கும். அதை நான் தொடவில்லை.

முன்னால் இழந்தது காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். உடல் குனிந்த அதே 0.8 டிகிரி காஸ்டரிலிருந்து போய்விட்டது. பழைய குறுக்கு நூல் டயர் காலத்து வண்டி, தொழிற்சாலையிலிருந்தே குறைந்த காஸ்டரோடு வந்தது. ரேடியல் டயரில் அதைவிடக் குறைந்தால் நேர் சாலையிலும் வண்டி அலைபாயும், கை ஓயாது. இங்கே டார்ஷன் பார் கைகொடுத்தது. கீழ் ஆர்மில் உள்ள போல்ட்டைத் திருகி முன்பக்கத்தை அரை அங்குலம் உயர்த்தினேன். காயில் ஸ்பிரிங் வண்டிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆக, முன் பின் உயர வித்தியாசத்தில் கூடியது ஒரு அங்குலம்தான், போன காஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தது. மிச்சத்தை மேல் ஆர்மில் மையம் விலகிய புஷ் போட்டு அலைன்மென்ட்டில் மீட்டோம்.

முகப்பு விளக்கையும் மறக்கக் கூடாது. ஒரு அங்குல வித்தியாசமே 25 அடி தள்ளிய சுவரில் வெளிச்சத்தை ஏறத்தாழ 2.8 அங்குலம் கீழே இறக்கிவிடுகிறது. இரவில் சாலையில் அது நிறையத் தூரம். கராஜ் கதவில் டேப் ஒட்டி மறுபடி சரிசெய்தோம்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒன்று மட்டும் மாறாமல் இருக்கும், அதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டையின் முன்பாதி ஆக்சிலை இழுத்துப் பிடிக்கும் கை மாதிரி வேலை செய்கிறது. உடல் உயர்ந்தால் அந்தக் கையின் முன்முனை உயர்ந்து, கை பின்னோக்கிச் சரியும். வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் மேலே ஏறிச் சற்றுப் பின்னால் போகும், உட்சக்கரம் இறங்கிச் சற்று முன்னால் வரும். இரண்டும் சேர்ந்து பின் ஆக்சிலையே வளைவுக்கு வெளியே திருப்பும். ஓட்டுபவருக்குப் பின்பக்கம் தானாகத் திரும்புவது போல இருக்கும். உயரம் கூடக்கூட இது கூடும். ஒன்றரை அங்குலத்தில் நான் உணர்வது கொஞ்சம்தான். நெடுஞ்சாலை இறங்குபாதையின் நீண்ட வளைவில் ஸ்டீயரிங்கை முன்பை விட மெதுவாகத் திருப்பினால் போதும். மூன்று அங்குலம் தூக்கியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

உட்வார்ட் அவென்யூவில் ஓட்டிப் பார்த்தோம். 1995-இலிருந்து ஆகஸ்டு மாதம் பழைய வண்டிகள் அணிவகுக்கும் அதே சாலை, சாதாரண நாளில் சாதாரணச் சாலைதான். பின்சீட்டில் தம்பியும் அவர் நண்பரும். முன்பு உரசிய அதே வகைப் பள்ளத்தில் இறங்கினேன், சத்தமே இல்லை. 70 மைலில் அதிர்வு இல்லை. இரண்டாம் கியரில் முழுதாக மிதித்தபோது பின்பக்கம் குந்தாமல் நேராகப் பிடித்துத் தள்ளியது. “பட்டை பேசுதுங்ணா” என்றார் தம்பி.

சில நூறு மைல் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தபோது எல்லாமே கொஞ்சம் திரும்பின. ஆப்பு வைத்த இடம் படிந்திருக்கிறது. புஷ் போல்ட்டுகள் அசையவில்லை. உயரம் இரண்டு பக்கமும் 13¼-இல் நிலைத்துவிட்டது. பாக்கி இருப்பது வலப்பக்க சைலன்சர் குழாய் ஒன்றுதான். ஆக்சில் தாழ்ந்து நிற்பதால் அதன் வளைவு இப்போது பட்டைக்குக் கிட்டத்தில் வருகிறது. குழாயைத் தாங்கும் ஹேங்கரை அரை அங்குலம் வெளியே நகர்த்தி வெல்டு வைக்க வேண்டும்.